அடுக்களையில் புகும் நஞ்சுகள்: குறைந்த செலவில் தடுக்கும் வழிகள்

மலருக்குக் கட்டுரை கேட்ட நண்பர்கள், "கெமிஸ்ட்ரி எல்லாம் வேண்டாம் சார், வீட்டுக்குப் பயன்படுற மாதிரி ஏதாவது எழுதுங்க" என்றார்கள். கொல்கத்தாவில் முப்பது வருஷம் பள்ளிப் பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லிக் கொடுத்தவனிடம் இப்படிக் கேட்டால் என்ன செய்வது? வீட்டிலேயே பெரிய சோதனைச்சாலை சமையலறைதான். ஆகவே இரண்டையும் சேர்த்தே எழுதிவிட்டேன்.

இரசாயனம் என்ற சொல்லைக் கேட்டாலே நமக்கு ஒரு பயம். அந்தப் பயத்தை வைத்துப் பிழைக்கும் வியாபாரமும் பெரிது. காய்கறி கழுவ ஒரு மிஷின், தண்ணீருக்கு ஒரு மிஷின், இயற்கை விளைச்சல் என்ற முத்திரையோடு மூன்று மடங்கு விலையில் பருப்பு. நடுத்தரக் குடும்பங்கள் கடன் வாங்கியாவது இவற்றை வாங்குகின்றன. அதே வீட்டில் மஞ்சள் தூள் மட்டும் சாக்கிலிருந்து அள்ளி நிறுத்துத் தரும் கடையில் வாங்கியதாக இருக்கும். எந்த நஞ்சு பெரியது, எது சிறியது என்ற வரிசை தெரியாததுதான் இதற்குக் காரணம்.

வரிசையைத் தெரிந்துகொள்ள இரண்டு கேள்விகள் போதும். ஒன்று, இந்தப் பொருள் உடம்பில் தங்கிச் சேருமா, அல்லது ஓரிரு நாளில் வெளியேறிவிடுமா? இரண்டு, கண்ணுக்கோ மூக்குக்கோ நாக்குக்கோ அது தெரியுமா? கெட்டுப்போன சாம்பார் நாற்றத்தாலேயே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். ஈயத்துக்கும் ஆர்சனிக்குக்கும் மணமில்லை, சுவையில்லை. நாள்பட நாள்பட உடம்புக்குள் கேடு செய்பவை அவை. அதனால் அவற்றையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். இவற்றைத் தடுக்கும் வழிகளுக்குத்தான் மிகக் குறைந்த செலவு என்பது ஆச்சரியமான செய்தி.

சோறும் தண்ணீரும்

நம் பாட்டிமார் வெள்ளைப் பாஷாணம் என்று சொன்னது ஆர்சனிக்கின் ஒரு வடிவம்தான். மேற்கு வங்கத்தில் அது நிலத்தடி நீரிலேயே இயற்கையாகக் கலந்திருக்கிறது. கொல்கத்தா ஸ்கூல் ஆஃப் டிராபிகல் மெடிசினில் தோல் மருத்துவராக இருந்த டாக்டர் க்ஷிதீஷ் சந்திர சாஹா, 1983-ஆம் ஆண்டு கிராமங்களிலிருந்து வந்த நோயாளிகளின் உள்ளங்கைத் தடிப்புகளையும் தோல் புள்ளிகளையும் பார்த்து, காரணம் குழாய்க் கிணற்று நீர் என்று கண்டுபிடித்தார். பின்னர் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் ஆய்வுப் பள்ளியில் தீபங்கர் சக்ரவர்த்தி, 2018-ல் மறையும்வரை, இதற்காகவே உழைத்தார். குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் ஆர்சனிக் இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை.

"தண்ணியை நல்லாக் கொதிக்க வச்சுத்தான் குடிக்கிறோம்" என்று பலர் சொல்வார்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஆர்சனிக் போகாது. நீர் ஆவியாகிக் குறையக் குறைய ஆர்சனிக்கின் அடர்த்தி கூடத்தான் செய்யும். எனவே உங்கள் வீட்டுக்கு வரும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதே முதல் கேள்வி. பால்தாவில் ஹூக்ளி ஆற்று நீரைச் சுத்திகரித்து மாநகராட்சி அனுப்பும் குழாய் நீரென்றால், ஆர்சனிக் கவலை வேண்டாம். அடுக்குமாடி வளாகத்தின் சொந்த ஆழ்குழாய்க் கிணறு என்றால் ஒருமுறை கட்டாயம் சோதித்துப் பாருங்கள். நகரின் சில பகுதிக் குழாய்க் கிணறுகளிலும் ஆர்சனிக் பதிவாகியிருக்கிறது. சோதனைக் கட்டணத்தை வளாகத்தில் எல்லோரும் பங்கிட்டால் வீட்டுக்கு ஒரு சினிமா டிக்கெட் காசுகூட வராது. முடிவு வரும்வரை குடிக்கவும் உலை வைக்கவும் மட்டுமாவது மாநகராட்சிக் குழாயில் பிடித்துவையுங்கள்.

ஆர்.ஓ. மிஷினைப் பற்றி ஒரு வார்த்தை. அது ஆர்சனிக்கை நீக்கக்கூடியதுதான். ஆனால் ஆற்று நீர் வரும் வீட்டில் அது பெரும்பாலும் வீண் செலவு. ஒரு குடம் சுத்தமாக்க அதைவிட அதிகமான நீரைச் சாக்கடையில் விடும். கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் குறைவாக உள்ள நீருக்கு ஆர்.ஓ. கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயமே 2019-ல் சொன்னது. அங்கெல்லாம் வடிகட்டிக் காய்ச்சினால் போதும்.

அடுத்தது அரிசி. நெல் தண்ணீரில் நிற்கும் பயிர். குழாய்க் கிணற்று நீர் பாயும் வயலில் அது ஆர்சனிக்கை உறிஞ்சித் தானியத்தில் வைத்துக்கொள்கிறது. ஆர்சனிக் இல்லாத தண்ணீர் குடிப்பவருக்கும் சோற்றின் வழியாக அது வரலாம். இதற்கு மருந்து நம் பழைய சமையல் முறையிலேயே இருக்கிறது. ஜாதவ்பூர் ஆய்வுப் பள்ளியினர் 2006-ல் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். அரிசியைக் கழுநீர் தெளியும்வரை கழுவி, ஒரு பங்குக்கு ஆறு பங்கு நீர் வைத்து வேகவிட்டு, கஞ்சியை வடித்துக் கொட்டினால், அரிசியிலிருந்த ஆர்சனிக்கில் 57 சதவிகிதம் வரை நீங்கியது. ஏறக்குறையப் பாதி கழுநீரில் போனது, மறுபாதி வடித்த கஞ்சியில் போனது. இந்தச் சோதனைக்கு ஆர்சனிக் மிகக் குறைந்த நீரைப் பயன்படுத்தினார்கள் என்பதை மறக்கக் கூடாது. நஞ்சுள்ள நீரிலேயே வடித்தால் பயனில்லை.

குக்கர் வந்த பிறகு நாம் கைவிட்டது இந்த வடித்தலைத்தான். ஒன்றுக்கு இரண்டரை தண்ணீர் வைத்து மூன்று விசில் விட்டால் உள்ளதெல்லாம் சோற்றிலேயே தங்கிவிடுகிறது. "வடிச்சா சத்தெல்லாம் போயிடுமே மாமா?" என்று கேட்பீர்கள். பி வைட்டமின்கள் ஓரளவு போவது உண்மைதான். புழுங்கல் அரிசியில் அந்த இழப்பு குறைவு. நெல்லை அவிக்கும்போதே சத்து உள்ளே இறங்கிவிடுகிறது. மிச்சத்தைப் பருப்பும் கீரையும் ஈடு செய்யும். வடித்த கஞ்சியைக் கைக்குழந்தைக்குக் கொடுக்காமல், வங்காளிகள் செய்வதுபோலத் தாந்த் சேலைக்குப் போட்டு விறைப்பாக்குங்கள். மூன்று வேளையும் அரிசியே என்றில்லாமல், ஒரு வேளை கோதுமையோ கேழ்வரகோ என்று மாற்றிக்கொள்வதும் செலவில்லாத பாதுகாப்பு.

மஞ்சளின் மினுமினுப்பு

யூனிசெஃப் 2020-ல் வெளியிட்ட அறிக்கையின்படி உலகக் குழந்தைகளில் மூன்றில் ஒருவருக்கு இரத்தத்தில் ஈயம் கவலைக்குரிய அளவில் இருக்கிறது. ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் குலைக்கிறது. படிப்பும் கவனமும் பாதிக்கப்படுகின்றன. போனதை எந்த மருந்தாலும் திருப்பிக் கொண்டுவர முடியாது. பழைய பெயின்ட், பேட்டரி உடைக்கும் பட்டறைகள் என்று காரணங்கள் பல இருந்தாலும், அடுக்களை வழியாக வருவதில் முக்கியமானது மஞ்சள்.

மஞ்சள் என்ன பாவம் செய்தது? மங்கிப்போன, பூச்சி அரித்த விரலி மஞ்சளைப் புதிது போலக் காட்ட, லெட் குரோமேட் என்ற நிறமியை வியாபாரிகள் சிலர் பூசுகிறார்கள். அது மஞ்சள் பெயின்ட்டில் சேர்க்கிற சரக்கு. பக்கத்து நாடான வங்கதேசத்தில் 1980-களில் ஒரு வெள்ளத்துக்குப் பின், நனைந்து கறுத்த மஞ்சளை விற்பதற்காக இந்த வழக்கம் தொடங்கியது என்று ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். 2019-ல் அங்கே சந்தையில் எடுத்த மாதிரிகளில் 47 சதவிகிதத்தில் ஈயம் இருந்தது. அரசு சோதனை நடத்தி அபராதம் விதித்தது. மக்களிடம் பிரசாரமும் நடந்தது. 2021-ல் அந்த எண்ணிக்கை பூஜ்யத்துக்கு வந்தது. மனம் வைத்தால் இரண்டே வருஷத்தில் முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம். நம் நாட்டிலோ, 2024-ல் வெளியான ஆய்வொன்றில் பாட்னா சந்தை மஞ்சளில் கிராமுக்கு 1000 மைக்ரோகிராமுக்கும் மேல் ஈயம் காணப்பட்டது. சட்டம் அனுமதிப்பது வெறும் 10.

வீட்டில் செய்யக்கூடிய சோதனை எளிது. ஒரு கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் விரலி மஞ்சளைப் போடுங்கள். போட்ட மாத்திரத்தில் பளிச்சென்று மஞ்சள் நிறம் இறங்கினால் அது பூச்சு. சோதனையில் தேறிவிட்டது என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் வேண்டாம். மெருகேற்றிய பளபளப்பு மஞ்சளைத் தவிர்த்து, மங்கலான, சொரசொரப்பான விரலியை வாங்கி அரைத்துக்கொள்ளுங்கள். அதற்கு நேரமில்லாதவர்கள் அக்மார்க் முத்திரையுள்ள பொட்டலத் தூளை வாங்கலாம். மேலே சொன்ன ஆய்விலும், அள்ளித் தரும் சரக்கைவிட முத்திரையிட்ட பொட்டலங்களில் ஈயம் குறைவாகவே இருந்தது. மாதம் நூறு கிராம் வாங்கும் பொருளில் பத்து ரூபாய் மிச்சம் பிடிக்க வேண்டாமே.

இன்னொரு மலிவான கவசமும் உண்டு. இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்த குழந்தையின் உடம்பு ஈயத்தை அதிகமாக ஈர்த்துக்கொள்ளும். கேழ்வரகுக் கூழ், எள்ளுருண்டை, முருங்கைக்கீரை இவை உதவும். இங்கே சந்தையில் 'சொஜ்னே ஷாக்' என்று கேட்டால் முருங்கைக்கீரை கிடைக்கும்.

ஈயச் சொம்பும் இண்டாலியமும்

ஈயச் சொம்பு ரசம் என்றால் நமக்கு நாக்கில் நீர் ஊறும். ஆனால் தமிழில் ஈயம் என்ற ஒரே சொல் இரண்டு உலோகங்களைக் குறிக்கிறது. வெள்ளீயம் வேறு, காரீயம் வேறு. ரசச் சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. அதனால் கெடுதல் இல்லை. காரீயம்தான் நான் இதுவரை சொல்லிவந்த நஞ்சு. வெள்ளீயம் விலை கூடுதல், காரீயம் மலிவு. இரண்டையும் கலந்து வார்த்தால் பார்வைக்குத் தெரியாது. புளித்தண்ணீர் கொதிக்கும்போது காரீயம் கரைந்து ரசத்தில் இறங்கும். பித்தளைப் பாத்திரத்துக்குக் கலாய் பூசுகிறவர் காரீயம் கலந்த பற்றவைப்பு ஈயத்தைப் பயன்படுத்தினாலும் இதே கதைதான்.

பாட்டி காலத்துச் சொம்பாக இருந்தாலும், புதிதாக வாங்கியதாக இருந்தாலும், உலோகச் சோதனைச் சான்று இல்லாவிட்டால் அதில் ரசம் வைக்காதீர்கள். நெருப்பில் காட்டிப் பார்ப்பது, காகிதத்தில் தேய்த்துப் பார்ப்பது போன்ற கைவைத்தியச் சோதனைகள் கலப்பு உலோகத்தைக் காட்டிக்கொடுக்காது. சொம்பு பூஜை அலமாரியில் அழகாக இருக்கட்டும். எவர்சில்வர் பாத்திரத்தில் ரசம் வைத்துக் கடைசியில் நெய்யில் கடுகு தாளித்தால், வித்தியாசம் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள்!

இண்டாலியம் என்பது அலுமினியக் கலவை. நல்ல உலோகத்தில் செய்ததற்கும், பழைய இரும்புக்கடைச் சரக்கை உருக்கி வார்த்ததற்கும் வித்தியாசம் உண்டு. இந்த வகைப் பாத்திரங்கள் சிலவற்றிலிருந்து ஈயம் உணவில் இறங்குவதாக அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2025-ல் எச்சரித்தது. எடை போட்டு விற்கும் பெயரில்லாத வார்ப்புப் பாத்திரத்தை வாங்காமல் இருப்பது நல்லது. புளிக்குழம்பு, தக்காளி, மோர் இவற்றை எந்த அலுமினியப் பாத்திரத்திலும் சமைத்து வைக்க வேண்டாம். இரும்புச் சட்டி, எவர்சில்வர், மெருகு பூசாத மண்சட்டி இவை போதும். நான்ஸ்டிக் தவா வைத்திருப்பவர்கள் அதை வெறுமனே அடுப்பில் காயவிடாதீர்கள். பூச்சு உரிந்தால் தூக்கிப் போடுங்கள். இரும்பு தோசைக்கல் நம் பேத்தி காலம்வரை உழைக்கும்.

எண்ணெய் விஷயம்

1988-ல் தென் கொல்கத்தாவின் பெஹாலாவில் நடந்தது நம் பழைய உறுப்பினர்கள் பலருக்கு நினைவிருக்கும். தொழிற்சாலைகளில் பயன்படும் டிரைகிரெசில் பாஸ்பேட் கலந்த சமையல் எண்ணெயைச் சாப்பிட்ட நூற்றுக்கணக்கானோருக்குக் கைகால் விளங்காமல் போயிற்று. பத்து வருஷம் கழித்து 1998-ல் டெல்லியில், பிரம்மதண்டு விதை எண்ணெய் கலந்த கடுகெண்ணெயால் உடம்பு வீங்கி அறுபது பேருக்கு மேல் இறந்தார்கள். பிரம்மதண்டு விதை பார்வைக்குக் கடுகு மாதிரியே இருக்கும். இவற்றிலிருந்து கிடைக்கும் பாடம் ஒன்றுதான்: டின்னிலிருந்து ஊற்றித் தரும் சில்லறை எண்ணெய் வேண்டாம். வாங்கினால் முத்திரையுள்ள சிறிய பாக்கெட்டே போதும்.

சுட்ட எண்ணெயைத் திரும்பத் திரும்பச் சுடவைப்பது நாமே செய்துகொள்ளும் கலப்படம். எண்ணெய் சிதைந்து உண்டாகும் பொருள்கள் 25 சதவிகிதத்தைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 2018 ஜூலை முதல் நடப்பில் இருக்கிறது. வீட்டில் யார் அளப்பது? நுரைத்தால், கறுத்தால், பிசுபிசுத்தால் முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். சிறிய வாணலியில் கொஞ்சமாக எண்ணெய் வைத்துப் பொரியுங்கள். மிஞ்சியதை இரண்டு மூன்று நாளில் தாளிக்கப் பயன்படுத்தித் தீருங்கள். புது எண்ணெயோடு கலக்காதீர்கள்.

பஜ்ஜியைச் செய்தித்தாளில் போட்டு எண்ணெய் வடியவிடுவதும் வேண்டாம். சூடும் எண்ணெயும் சேர்ந்து மையை உணவில் இறக்கிவிடும். இதை உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-லும் 2023-லும் எச்சரித்தது. டோங்காவில் கட்டித் தரும் ஜால்மூடிக்கும் இது பொருந்தும். ஒரு டப்பாவைக் கையோடு கொண்டுபோங்கள். வீட்டில் ஒரு வடிதட்டு போதும். லேக் மார்க்கெட்டில்தான் வாழையிலை கிடைக்கிறதே!

காய்கறி

பூச்சிமருந்துக்கு நான் நான்காம் இடம்தான் தருவேன். அதற்காக அலட்சியமும் வேண்டாம். ஓடும் குழாய் நீரில் கையால் தேய்த்துக் கழுவுவதே பெரும் பயன் தரும். அதற்கு மேல் வேண்டுமென்றால் ஒரு லிட்டர் தண்ணீரில் 10 கிராம், அதாவது இரண்டு சிறிய ஸ்பூன், ஆப்ப சோடா கரைத்துக் கால் மணி நேரம் ஊறவைத்துக் கழுவுங்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் 2017-ல் ஆப்பிளை வைத்துச் செய்த சோதனையில், தோல்மேல் இருந்த இரண்டு மருந்துகள் இந்த முறையில் நன்றாக நீங்கின. உள்ளே ஊறிப்போனது எதனாலும் நீங்காது. மிஷினும் அதை நீக்காது. நறுக்கிய பிறகு கழுவாமல், கழுவிய பிறகு நறுக்குங்கள்.

பர்வல், பச்சைப் பட்டாணி, வெண்டைக்காய் இவற்றைப் பச்சையாகக் காட்டச் சாயம் ஏற்றுவதும் உண்டு. பஞ்சில் லிக்விட் பாரஃபின் தொட்டுக் காயின் மேல் தேய்த்துப் பாருங்கள். பஞ்சு பச்சையானால் அந்தக் கடைக்கு ஒரு கும்பிடு. பட்டாணியை அரைமணி நேரம் தண்ணீரில் போட்டாலே சாயம் தெரிந்துவிடும்.

நாமே வாங்கி வைக்கும் விஷம்

காய்கறியில் இத்துணூண்டு மருந்துக்குப் பயப்படும் நாம், கரப்பான் பூச்சிக்கு அடுப்புமேடையிலேயே மருந்தடிக்கிறோம். அரிசி டப்பாவைச் சுற்றி விஷச் சாக்பீஸால் கோடு போடுகிறோம். இதற்குப் பதில், கேரம் போர்டில் தூவுகிற போரிக் பவுடரைக் கோதுமை மாவும் சர்க்கரையும் சேர்த்துப் பிசைந்து, சிறு உருண்டைகளாக அலமாரிக்குப் பின்னால் வையுங்கள். குழந்தைகளுக்கும் வளர்ப்புப் பிராணிகளுக்கும் எட்டக் கூடாது. இரவில் எச்சில் பாத்திரம் போடாமல், தொட்டியை உலர்த்தி வைத்தாலே பாதிக் கரப்பான் வராது.

வண்டு வராமலிருக்கத் தானிய மூட்டையில் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை போடும் வழக்கம் வட இந்தியாவில் இருக்கிறது. வீட்டில் அது கூடவே கூடாது. அதிலிருந்து வரும் வாயுவால் தூக்கத்திலேயே உயிர்கள் போயிருக்கின்றன. வெயிலில் காயவைத்து, காய்ந்த மிளகாயோ வேப்பிலையோ போட்டு வைத்தால் போதும். பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் ஒரே இடத்தில் ஊற்றாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும். கொதிக்கும் சாம்பாரை பிளாஸ்டிக் பையில் கட்டிவராமல் எவர்சில்வர் தூக்கு எடுத்துப் போங்கள்.

சுருக்கமாக

1. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். ஆழ்குழாய் என்றால் சோதியுங்கள்.
2. அரிசியை நன்றாகக் கழுவி, ஆறு பங்கு நல்ல நீரில் வேகவைத்து வடியுங்கள்.
3. பளபளப்பு மஞ்சளையும் சில்லறைத் தூளையும் விடுங்கள்.
4. சான்றில்லாத ஈயச் சொம்பிலும், பெயரில்லாத அலுமினியத்திலும் புளி சேர்ந்ததைச் சமைக்காதீர்கள்.
5. சில்லறை எண்ணெய், பலமுறை சுட்ட எண்ணெய், செய்தித்தாள் மூன்றும் வேண்டாம்.
6. காய்கறியைக் கழுவிவிட்டு நறுக்குங்கள்.
7. அடுப்புமேடையில் பூச்சிமருந்து வேண்டாம்.

மொத்தச் செலவைக் கூட்டிப் பார்த்தால், ஒரு காய்கறி மிஷினின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட வராது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நம் வீடுகளில் பாத்திரம் தேய்க்க வரும் மாஷிகள் பலர் பாருய்ப்பூர், சோனார்ப்பூர் பக்கத்திலிருந்து விடியற்காலை லோக்கலைப் பிடித்து வருகிறார்கள். ஆர்சனிக் பதிவான வட்டாரங்கள் அவை. நாம் ஆற்று நீர் குடிக்கிறோம். அவர்கள் ஊரில் எந்தக் குழாய்க் கிணறு நல்லது, எது கெட்டது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மாவட்டப் பொதுச் சுகாதாரப் பொறியியல் துறையின் ஆய்வுக்கூடங்களில் நீரைச் சோதிக்கிறார்கள். உங்கள் வங்காளி அரைகுறையாக இருந்தாலும் பரவாயில்லை, இதை அவர்களிடம் சொல்லுங்கள். மஞ்சள் விஷயத்தையும் சொல்லுங்கள். அவர்கள் வீட்டிலும் பள்ளிக்குப் போகும் குழந்தைகள் இருக்கின்றன.